ஒரே குளிர்காலம், இரண்டு பனிக் கணக்குகள்

2015ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் தேதி, அமெரிக்க செனட் சபையில் ஓக்லஹோமா மாநில உறுப்பினர் ஜிம் இன்ஹோஃப் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து பனி உருண்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். வெளியே பருவத்துக்கு ஒவ்வாத குளிர் நிலவுவதாகச் சொல்லிவிட்டு, அதை அவைத்தலைவர் இருக்கையின் பக்கமாக வீசினார். அப்போது செனட்டின் சுற்றுச்சூழல் குழுவுக்கு அவர்தான் தலைவர். புவி சூடாகிறது என்பதை அவர் நெடுங்காலமாக மறுத்துவந்தவர் என்பதால், உருண்டையின் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தலைநகரில் பனி பெய்திருக்கிறது. பிறகு வெப்பமயமாதல் எங்கே என்பதுதான் அவருடைய வாதம்.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பாஸ்டன் நகரின் லோகன் விமான நிலையத்தில் அந்தப் பருவத்தில் மொத்தம் 110.6 அங்குலம், அதாவது ஏறத்தாழ 281 செ.மீ. பனி பெய்தது, 1995-96இல் பதிவான 107.6 அங்குலம் என்ற பழைய உச்சம் முறிந்தது. பிப்ரவரி மாதத்தில் மட்டும் 64.8 அங்குலம். ரயில்கள் நின்றன, கூரைகள் இடிந்தன. தெருக்களிலிருந்து அள்ளிக் கொண்டுபோய்த் துறைமுகப் பகுதியில் கொட்டிய பனி 75 அடி உயரத்துக்குக் குவிந்து, அதன் கடைசி அழுக்குக் கட்டி ஜூலை 14ஆம் தேதிதான் கரைந்தது. ஆனால் அதே வாரங்களில் கண்டத்தின் மறுகோடியில் நடந்தது வேறு. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் ஏப்ரல் 1ஆம் தேதி இருந்திருக்க வேண்டிய பனியில் 5% மட்டுமே இருந்தது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் அந்தப் பருவம் முழுவதும் விழுந்தது 25.1 அங்குலம், அந்நகரின் பதிவேட்டில் அதுவே மிகக் குறைவு. பாஸ்டனில் விழுந்ததில் நான்கில் ஒரு பங்குகூட இல்லாத அளவு அது. உலகின் பெயர்பெற்ற நாய்வண்டிப் பந்தயமான இடிடரோடின் அதிகாரபூர்வத் தொடக்கத்தைப் பாதையில் பனி போதாமல் வடக்கே ஃபேர்பேங்க்ஸுக்கு மாற்றினார்கள். மறு ஆண்டு ஆங்கரேஜில் நடக்கும் தொடக்க விழா அணிவகுப்புக்காக ஃபேர்பேங்க்ஸிலிருந்து சரக்கு ரயிலில் பனி வந்து இறங்கியது.

பனி உருண்டைக்குப் பதிலாகச் சியராவின் வெற்றுப் புல்தரையை ஒருவர் காட்டினால் வாதம் முடிந்துவிடும் என்று தோன்றலாம். முடியாது. ஓரிடத்தின் ஒரு குளிர்காலப் பனியை எடுத்துக்கொண்டு புவியின் வெப்பத்தைப் பற்றிப் பேசுவது எந்தப் பக்கத்திலிருந்து செய்தாலும் அதே பிழைதான். இந்தப் பிழை மறுப்பவர்களுக்கு மட்டும் உரியதும் அன்று. 2000ஆம் ஆண்டு பிரிட்டனில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவர், இன்னும் சில ஆண்டுகளில் பனி அபூர்வமாகிவிடும், பனி என்றால் என்னவென்றே குழந்தைகளுக்குத் தெரியாமல் போகும் என்ற கருத்தில் நாளிதழ் ஒன்றிடம் பேசினார். 2010 ஜனவரியில் தீவு முழுவதும் வெண்மையாகக் கிடந்ததை நாசாவின் செயற்கைக்கோள் படம் பிடித்தது. அதே ஆண்டு டிசம்பர், நூறாண்டுகளில் பிரிட்டன் கண்ட மிகக் குளிர்ந்த டிசம்பராக அமைந்தது. அந்த ஒரு வாக்கியத்தை மறுப்பாளர்கள் இன்றுவரை விடாமல் எடுத்துக் காட்டி வருகிறார்கள். காட்டுவதற்கு இடம் கொடுத்தவர்கள் வெப்பமயமாதலை ஏற்பவர்களே.

பனிப்பொழிவு வெப்பமானி அன்று. இரண்டு பொருள்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்திப்பதன் விளைவு அது. ஒன்று குளிர், மற்றொன்று ஈரம். குளிர் மட்டும் போதுமானால் அண்டார்டிகாவின் கிழக்குப் பீடபூமி உலகிலேயே அதிகப் பனி பெய்யும் இடமாக இருந்திருக்கும். அங்கு ஓர் ஆண்டில் விழும் பனியை உருக்கினால் 5 செ.மீ. நீர்கூடத் தேறாத பகுதிகள் பரந்து கிடக்கின்றன. மழையளவைக் கொண்டு பார்த்தால் அது பாலைவனம். கடுங்குளிரான காற்றால் நீராவியை ஏந்த முடிவதில்லை என்பதே காரணம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது ஏந்தக்கூடிய நீராவி ஏறத்தாழ 7% கூடுகிறது. இதனால் மிகப் பெரிய பனிப்பொழிவுகள் உறைநிலைக்குச் சில டிகிரிகள் கீழே, ஈரமான காற்றில்தான் நிகழ்கின்றன. கடுங்குளிர் நாட்டில் ஓரளவு வெப்பம் கூடுவது பனியைக் கூட்டவும் செய்யலாம். உறைநிலைக்கு அருகிலேயே இருக்கும் நாட்டில் அதே அளவு வெப்பம் பனியை மழையாக மாற்றிவிடும். ஒரே காரணம் ஓரிடத்தில் கூட்டலாகவும் இன்னோரிடத்தில் கழித்தலாகவும் வேலை செய்கிறது என்பதை ஏற்காமல் இரு பகுதிகளின் பனியை ஒப்பிட இறங்கினால், எந்த முடிவுக்கு வேண்டுமானாலும் வந்து சேரலாம்.

ஈரத்தின் பங்கைக் கண்ணெதிரே காண நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரைவிடத் தகுந்த இடம் இல்லை. ஈரி ஏரியின் கிழக்கு முனையில் அந்நகரம் இருக்கிறது. ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 388 கி.மீ. நீண்டது. இலையுதிர்காலத்தின் முடிவில் ஏரி நீரில் கோடையின் வெப்பம் இன்னும் எஞ்சியிருக்கும்போது கனடாவிலிருந்து வறண்ட குளிர்காற்று அதன்மேல் பாய்கிறது. ஏரியின் மேற்பரப்புக்கும் அதற்கு ஒன்றரை கி.மீ. மேலே உள்ள காற்றுக்கும் இடையே 13 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வேறுபாடு இருந்தால், நீரிலிருந்து ஆவி கொதித்தெழுவது போலக் கிளம்பி, மேலே குளிர்ந்து, கரையேறியதும் பனியாகக் கொட்டுகிறது. காற்று ஏரியின் நீளவாக்கில் வீசினால் அத்தனை ஈரமும் சில மைல் அகலமே உள்ள ஒற்றைப் பட்டையில் ஒடுங்கிவிடும். 2014 நவம்பர் 17 முதல் 21 வரை நடந்தது அதுதான். நகரின் தெற்கு, கிழக்குப் புறநகர்களில் 5 அடிக்கும் மேல் பனி விழுந்து வீட்டுக் கதவுகள் உட்பக்கமாக வளைந்தன. நெடுஞ்சாலையில் சிக்கிய பயணிகள் ஒரு நாளுக்கும் மேலாக வண்டிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். சில மைல் வடக்கே இருந்தவர்கள் தங்கள் வாசலில் சில அங்குலங்களைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, தெற்கே வானில் சுவர்போல் நின்ற வெண்மேகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஊரின் இரு முனைகளுக்கு இடையே இத்தனை வேறுபாடு இருக்கும்போது, அந்த வாரம் பஃபலோவில் எவ்வளவு பனி பெய்தது என்ற கேள்விக்கு ஒற்றை எண் விடையாகாது. அடுத்த திங்கட்கிழமையே வெப்பநிலை 15 டிகிரியைத் தொட்டு, பனி உருகி வெள்ளம் வரும் என்று அதே மக்கள் அஞ்சினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெப்பமயமாதல் இங்கே நேர்மாறான வடிவில் தோன்றுகிறது. ஈரி ஏரி ஆழமற்றது. சராசரி ஆழம் 19 மீட்டர்தான். குளிர் தொடர்ந்தால் விரைவில் உறைந்துவிடும். உறைந்த ஏரி மூடி போட்ட பாத்திரம்போல ஆவியை வெளியே விடாது, ஏரிப் பனியும் பெருமளவு நின்றுவிடும். ஆகவே ஏரி தாமதமாக உறைந்தால், அல்லது உறையாமலே இருந்தால், பனி பொழிவதற்கான காலம் நீள்கிறது. இருபதாம் நூற்றாண்டில், ஈரியையும் உள்ளடக்கிய வட அமெரிக்கப் பேரேரிகளை அடுத்த நிலையங்களில் பனிப்பொழிவு கூடியதையும், ஏரிகளிலிருந்து விலகிய நிலையங்களில் அவ்வாறு கூடாததையும் 2003இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டி, இது வெப்பமயமாதலின் வட்டார விளைவாக இருக்கலாமா என்று கேட்டது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, இடையில் அளக்கும் முறை மாறிய நிலையங்களை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டவர்கள், சுப்பீரியர், மிச்சிகன் ஏரிகளின் பக்கத்தில் உயர்வு நிற்கிறது, ஈரி, ஒன்டாரியோ பக்கத்தில் நிற்கவில்லை என்றார்கள். அறிவியல் இப்படித்தான் நகரும். ஆனால் முதல் ஆய்வை மட்டும் படித்தவரும் இரண்டாவதை மட்டும் படித்தவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்பார்கள். 2014 மார்ச்சில் பேரேரிகளின் பரப்பில் 92.5% உறைந்தது, 2015 பிப்ரவரி இறுதியில் 88.8% உறைந்தது. பல பத்தாண்டுகளாக உறைபரப்பு சராசரியில் குறைந்துவரும் ஏரிகளில்தான் இந்த இரண்டு ஆண்டுகளும் அடுத்தடுத்து வந்தன.

அளக்கும் முறை என்றேன். பனி ஒப்பீட்டுச் சண்டைகளில் பாதி அங்கேதான் கிடக்கிறது. புதிதாக விழுந்த பனியை வெள்ளைப் பூச்சிட்ட ஒரு பலகையின்மேல் அளவுகோலை நட்டு அளக்கிறார்கள், அளந்ததும் பலகையைத் துடைத்து வைக்கிறார்கள். பனி தன் எடையாலேயே அமுங்கும் பொருள். அடிக்கடி அளந்து அடிக்கடி துடைத்தால் மொத்தம் கூடிவிடும். இதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் அளந்து கூட்டக் கூடாது என்பது விதி. 1997 ஜனவரியில் ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே மான்டேக் என்ற சிற்றூரில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் விழுந்ததாகப் பதிவானது. 1921 முதல் கொலராடோவின் சில்வர் லேக் வைத்திருந்த 75.8 அங்குலச் சாதனையை அது முறியடித்திருக்க வேண்டும். விசாரணைக் குழு வந்து பார்த்தது, அன்று ஆறு முறை அளக்கப்பட்டிருந்தது தெரிந்ததும் சாதனையை ஏற்க மறுத்தது. 2016 ஜனவரிப் புயலின்போது தலைநகர் வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தில் அளவுப் பலகையே பனிக்குள் புதைந்து காணாமல் போனது. அங்கு பதிவான 17.8 அங்குலத்தை நகரவாசிகள் பலர் நம்பவில்லை. அதே புயலில் அருகிலுள்ள டல்லஸ் விமான நிலையம் 29.3 அங்குலம் பதிவு செய்திருந்தது. பழைய பதிவுகளில் பல, நாளுக்கு ஒருமுறை தரையில் கிடந்ததை அளந்து எழுதியவை. அவற்றோடு இன்றைய எண்களை வைத்து, பாட்டன் காலத்தைவிட இப்போது பனி கூடிவிட்டது என்று பேசுபவர்கள் இரண்டு வேறு அளவைகளை ஒப்பிடுகிறார்கள்.

விழுந்த பனி, தரையில் கிடக்கும் பனி, அதை உருக்கினால் கிடைக்கும் நீர் ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவுகள். பொதுவாகப் பத்து அங்குலப் பனிக்கு ஓர் அங்குல நீர் என்பார்கள், ஆனால் ஏரிக்கரைப் பனி இறகுபோல் இருபது முப்பது அங்குலத்துக்கு ஓர் அங்குல நீரே தரும். பசிபிக் ஈரத்தில் ஊறி வரும் சியராப் பனியோ கனமானது. அங்குள்ளவர்கள் அதைச் சிமென்ட் என்றே கேலியாகச் சொல்வார்கள். உயரத்தை விட்டுவிட்டு நீரை அளக்க வேண்டும் என்று முதலில் முனைந்தவர்களுள் ஒருவர் நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்த ஜேம்ஸ் சர்ச் என்ற பேராசிரியர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோஸ் மலையில் உலோகக் குழாயைப் பனிக்குள் செலுத்தி, உள்ளே சிக்கிய பனியோடு அதை எடை போட்டு, வசந்தத்தில் தாஹோ ஏரியின் மட்டம் எவ்வளவு உயரும் என்று முன்கூட்டிச் சொன்னார். ஏரி நீருக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய உதவியாயிற்று.

அதே குழாய் முறையால்தான் கலிபோர்னியா அரசின் நீர்வளத் துறை ஒவ்வொரு குளிர்காலத்திலும் சியரா மலைகளை அளக்கிறது. ஏப்ரல் 1 முக்கியமான நாள். மலையில் பனி உச்சத்தில் தேங்கியிருந்து உருகத் தொடங்கும் தருணம் அது. இந்தப் பனித்தேக்கம் மாநிலத்தின் நீர்த்தேவையில் ஏறத்தாழ 30% பங்கைத் தருகிறது. தாஹோவுக்குத் தெற்கே 6,800 அடி உயரத்தில் பிலிப்ஸ் என்ற அளவிடத்தில் ஏப்ரல் தொடக்கத்தில் சராசரியாக 66.5 அங்குலப் பனி நிற்கும். 2015 ஏப்ரல் 1 அன்று அளவையாளர் ஃபிராங்க் கெர்கி அளவுக்கோலுடன் அங்கே போனபோது, உடன் வந்த ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காய்ந்த பழுப்புப் புல்லின்மேல் சாதாரணக் காலணியோடு நின்றார். முக்கால் நூற்றாண்டு அளவையில் அவ்விடம் ஏப்ரல் தொடக்கத்தில் வெறுமையாகக் கிடந்தது அதுவே முதல் முறை. அந்தப் புல்தரையிலேயே, நகரங்களின் நீர்ப் பயன்பாட்டை 25% குறைக்க வேண்டும் என்ற கட்டாய ஆணையை அவர் அறிவித்தார். மாநில வரலாற்றில் அப்படியோர் ஆணை அதற்கு முன் வந்ததில்லை. அதற்கு முன் மிகக் குறைவு என்று கருதப்பட்ட 1977இலும் 2014இலும்கூடப் பனித்தேக்கம் சராசரியின் 25% இருந்தது. நீலக் கருவாலி மரங்களின் வளையங்களைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டவர்கள், 500 ஆண்டுகளில் இவ்வளவு குறைந்ததில்லை என்று அந்த ஆண்டே எழுதினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, வடக்குச் சியராவில் அந்தப் பருவத்தில் வானிலிருந்து விழுந்த மொத்த நீர் சராசரியில் முக்கால் பங்கு இருந்தது என்பதே. முக்கால் பங்கு விழுந்தும் இருபதில் ஒரு பங்குதான் மலையில் தங்கியது. கலிபோர்னியாவில் அதுவரை பதிவான குளிர்காலங்களிலேயே வெப்பமானது அது. விழுந்ததில் பெரும்பகுதி மழையாக விழுந்து ஓடிவிட்டது. வடக்கே வாஷிங்டன் மாநிலத்தின் நிலை இன்னும் தெளிவானது. அங்கே குளிர்கால மழையளவு ஏறத்தாழ இயல்பாகவே இருந்தது. எனினும் மே 15ஆம் தேதி ஆளுநர் மாநிலம் முழுவதற்கும் வறட்சி அறிவித்தபோது, மலைகளில் இருந்த பனி இயல்பான அளவில் 16% மட்டுமே. மழை பெய்து வறட்சி! ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற யாகிமா பள்ளத்தாக்கில், பிற்காலத்தில் நீருரிமை பெற்ற விவசாயிகளுக்கு அந்தக் கோடையில் உரிய பங்கில் பாதிக்கும் குறைவாகவே கிடைத்தது. நாட்டின் மிக ஈரமான காடுகளுள் ஒன்றான ஒலிம்பிக் தீபகற்பத்து மழைக்காட்டில் தீ பிடித்து மாதக்கணக்கில் புகைந்தது. பாஸ்டனில் எத்தனை அங்குலம் என்று தொலைக்காட்சிகள் நாள்தோறும் எண்ணிக்கொண்டிருந்த அதே பருவத்தின் மறுபக்கம் இது. இங்கே எண்ணிக் காட்டும்படி கண்ணுக்குத் தெரிந்த பேரிடர் எதுவும் குளிர்காலத்தில் நிகழவில்லை, ஜூலையில்தான் தெரியவந்தது.

இதன் பிறகு ஆய்வாளர்கள் பனி வறட்சியை இரண்டாகப் பிரித்துப் பேசத் தொடங்கினார்கள்: ஈரமே வராததால் உண்டாகும் உலர் பனி வறட்சி, ஈரம் வந்தும் குளிர் போதாததால் உண்டாகும் வெப்பப் பனி வறட்சி. இந்தப் பிரிவினை நம் வடக்கு எல்லைக்கும் பொருந்தும். 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் பனியின்றி வெறித்துக் கிடந்த படங்கள் இந்தியச் சமூக ஊடகங்களெங்கும் பரவின. 40 நாள் கடுங்குளிர்காலமான சில்லை கலானிலேயே சறுக்குமலை புல்லாகக் கிடந்ததைக் கண்டு, புவி வெப்பமயமாதலின் கண்கூடான சான்று என்றார்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரம் கொண்டுவரும் மேற்கத்திய இடையூறுகள் அந்த டிசம்பரிலும் ஜனவரியிலும் பள்ளத்தாக்கை எட்டவில்லை என்பதே அதன் உடனடிக் காரணம். அவை வந்ததும் பிப்ரவரியில் பனி கொட்டியது, குளிர்கால விளையாட்டுகளும் அங்கேயே நடந்தன. மேற்கத்திய இடையூறுகளின் போக்கையே வெப்பமயமாதல் மாற்றுகிறதா என்பது தனிக் கேள்வி, இருக்கலாம். ஆனால் வாஷிங்டன் மாநிலத்தின் 2015இல் வெப்பத்தின் கையெழுத்து நேரடியாகத் தெரிகிறது, குல்மார்க்கின் 2024 ஜனவரியில் அப்படித் தெரியவில்லை. பனி இல்லாத இரண்டு படங்களை அடுத்தடுத்து ஒட்டினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

அப்படியானால் பனியை வைத்து எதுவுமே சொல்ல முடியாதா? சொல்லலாம், ஒரு குளிர்காலத்தை விட்டுப் பல பத்தாண்டுகளையும், விழுந்த உயரத்தை விட்டுத் தங்கிய நீரையும் எடுத்துக்கொண்டால். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் நீண்டகாலப் பதிவுள்ள அளவிடங்களில் 90%க்கும் மேற்பட்டவற்றில் பனித்தேக்கம் சரிந்திருப்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. 2024 ஜனவரியில் டார்ட்மத் கல்லூரியின் அலெக்சாண்டர் காட்லீபும் ஜஸ்டின் மேன்கினும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. வட கோளத்தின் 169 ஆற்றுப் படுகைகளில் 1981 முதல் 2020 வரையிலான மார்ச் மாதப் பனித்தேக்கத்தை ஆராய்ந்த அவர்கள், குளிர்காலச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் என்ற இடத்தில் ஒரு திருப்பம் இருப்பதைக் கண்டார்கள். அதைவிடக் குளிர்ந்த நாடுகளில் ஒரு டிகிரி கூடினாலும் பனிக்குப் பெரிய சேதம் இல்லை. வட கோளப் பனியில் ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான் இருக்கிறது. அதைவிட வெப்பமான நாடுகளில் கூடும் ஒவ்வொரு டிகிரியும் முந்தையதைவிட அதிகப் பனியைக் கொண்டுபோகிறது. மக்கள் பெருவாரியாக வாழ்வதும், பனியுருகலை நம்பி வாழ்வதும் இந்த இரண்டாவது பக்கத்தில்தான். இரு பகுதிகளின் பனிக் கணக்கு ஏன் ஒத்துப்போவதில்லை என்ற கேள்விக்கு நான் அறிந்த விடைகளில் இதுவே தெளிவானது.

அந்த ஆய்வு மிகச் செங்குத்தான சரிவு கண்ட வட்டாரங்களுள் ஒன்று அமெரிக்காவின் வடகிழக்கு, அதாவது பாஸ்டன் இருக்கும் வட்டாரம். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. பாஸ்டனின் இயல்பான குளிர்காலச் சராசரி உறைநிலையை ஒட்டியே நிற்கிறது. 2015 பிப்ரவரியில் மட்டும் அது மைனஸ் 7.2 டிகிரிக்கு இறங்கியது. நகரின் பதிவேட்டில் இரண்டாவது மிகக் குளிர்ந்த பிப்ரவரி. அருகிலிருந்த அட்லாண்டிக் நீரோ இயல்பைவிடச் சூடாக இருந்து ஈரத்தை வாரி வழங்கியது. குளிர் அபூர்வமாக வந்தது, வந்தபோது ஈரம் மிகுதியாகக் காத்திருந்தது. சராசரிப் பனி வெகுவாகக் குறைந்தாலும் மிகக் கடுமையான பனிப்பொழிவுகள் அந்த அளவுக்குக் குறையாது என்று எம்ஐடி பல்கலைக்கழகத்தின் பால் ஓ'கோர்மன் காட்டிய ஆய்வு வெளியானது 2014 ஆகஸ்டில், பாஸ்டன் புதைவதற்குச் சில மாதங்கள் முன்பு. பின்னர் 2022-23இல் அதே லோகன் நிலையம் 12.4 அங்குலமும், 2023-24இல் 9.8 அங்குலமும் மட்டுமே பதிவு செய்தது. இந்த இரண்டு பருவங்களையும் சான்றாக வீசத் துடிப்பவர்களுக்கு இன்ஹோஃபுக்குச் சொன்னதையே சொல்ல வேண்டியிருக்கிறது: இரண்டு குளிர்காலங்கள் காலநிலை ஆகாது.

உண்மையிலேயே தீராத விவாதம் ஒன்று உண்டு. மேடைகளில் அது அதிகம் பேசப்படுவதில்லை. கிழக்கு உறைந்து மேற்கு வெந்த அந்தப் பருவத்துக்கு நேரடிக் காரணம் வானில் உயரே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றின் வளைவு. மேற்குக் கரையை ஒட்டி ஓர் உயர் அழுத்த மேடு மாதக்கணக்கில் நகராமல் நின்று புயல்களை வடக்கே திருப்பியது. அதன் மறுபக்கத்தில் ஆர்க்டிக் காற்று கிழக்கு மாநிலங்களுக்குள் வழிந்தது. அடம் பிடித்து நின்ற அந்த மேட்டுக்கு வானிலை ஆய்வாளர் டேனியல் ஸ்வைன் 2013லேயே ஒரு கேலிப் பெயர் சூட்டியிருந்தார். ஆர்க்டிக் மற்ற பகுதிகளைவிட வேகமாகச் சூடாவதால் துருவத்துக்கும் நடு அட்சங்களுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறைகிறது, அதனால் ஜெட் காற்று தளர்ந்து பெரிதாக வளைகிறது என்று ஜெனிஃபர் பிரான்சிஸும் ஸ்டீஃபன் வாவ்ரஸும் 2012இல் எழுதினார்கள். இது சரியென்றால், கடுங்குளிர் அலைகளும்கூட வெப்பமயமாதலின் பிள்ளைகள். கேட்பதற்குக் கவர்ச்சியான கருத்து. அதனாலேயே ஊடகங்கள் அதை நிலைநாட்டப்பட்ட உண்மையாக எழுதிவிட்டன. மறு ஆண்டே எலிசபெத் பார்ன்ஸ், வளைவு பெரிதானதாகத் தெரிவது அளக்கும் முறையைப் பொறுத்தது என்று எதிர்வாதம் வைத்தார். 2020இல் பிளாக்போர்ட்டும் ஸ்கிரீனும் அடுத்து வந்த ஆண்டுகளின் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்து, ஆர்க்டிக் தொடர்ந்து சூடானபோதும் வளைவு கூடவில்லை என்றார்கள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாம் மதிப்பீடும் இந்தத் தொடர்பில் தனக்குக் குறைந்த நம்பிக்கையே உள்ளதாகக் கூறுகிறது. என் பார்வையில் இதுவரையான சான்று பார்ன்ஸ் முதலியோரின் எதிர்வாதத்தின் பக்கமே சாய்ந்திருக்கிறது. பாஸ்டனின் குளிரையும் வெப்பமயமாதலே கொண்டுவந்தது என்று உறுதியாகச் சொல்வது, பனி உருண்டைக்கு இன்னொரு பனி உருண்டையால் விடையளிப்பதாகும். அமெரிக்கத் தொடர்நிலப்பரப்பு புவியின் பரப்பில் 2%கூட இல்லை என்பதும், 2014 டிசம்பர் முதல் 2015 பிப்ரவரி வரையிலான மூன்று மாதங்கள் அதுவரை உலக அளவில் பதிவான டிசம்பர்-பிப்ரவரிப் பருவங்களிலேயே வெப்பமானவை என்பதும் இன்ஹோஃபின் வாதத்துக்குப் போதுமான மறுமொழி.

கலிபோர்னியாவுக்குப் பனி திரும்பி வராமலும் இல்லை. 2023 ஏப்ரல் தொடக்கத்தில் மாநிலப் பனித்தேக்கம் சராசரியின் 237% இருந்தது. டானர் கணவாய் அருகிலுள்ள பனி ஆய்வகத்தில் அந்தப் பருவத்தில் 754 அங்குலம், ஏறத்தாழ 19 மீட்டர், விழுந்தது. வறட்சிப் பேச்சு எங்கே போயிற்று என்று அப்போதும் கேட்டவர்கள் உண்டு. ஒரே மலை எட்டு ஆண்டு இடைவெளியில் 5%ஐயும் 237%ஐயும் காணும்போது, நீரை நிர்வகிப்பவர்களுக்குச் சராசரி என்ற எண்ணே பயனற்றதாகிவிடுகிறது.

அவர்களுடைய சிக்கல் இந்த விவாதத்தில் யார் வென்றார்கள் என்பதைப் பொறுத்ததும் இல்லை. சியராவின் அடிவார அணைகள், மலையில் பனி ஜூன் வரை தங்கி மெல்ல உருகி வரும் என்ற கணக்கில் கட்டப்பட்டவை. குளிர்காலத்தில் வெள்ளத்துக்கு இடம் விட்டு அணையைப் பாதி காலியாக வைத்திருக்க வேண்டும், வசந்தத்தில் பனியுருகலைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்பது அவற்றின் இயக்க விதி. நீர் ஜனவரியிலேயே மழையாக வந்துவிட்டால், விதிப்படி அதைத் திறந்துவிட்டுவிட்டு, நிரப்ப வேண்டிய மே மாதத்தில் மலையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். சாக்ரமென்டோ நகருக்கு மேலே உள்ள ஃபோல்சம் அணைக்கு 2017இல் கூடுதல் நீர்ப்போக்கி ஒன்றைக் கட்டி முடித்தார்கள். 2019இல் அதன் இயக்கக் கையேட்டையே திருத்தி, நாட்காட்டித் தேதிகளை மட்டும் பின்பற்றாமல் அடுத்த சில நாட்களின் மழை முன்னறிவிப்பைப் பார்த்து நீரைத் திறக்கவோ தேக்கவோ வழிசெய்தார்கள். மற்ற பழைய அணைகள் பலவற்றின் விதிகளும் இதேபோல் திருத்தப்பட வேண்டியிருக்கிறது.